மருத்துவர் பதில்கள்: அடங்கிய நெஞ்சுவலியும் வழி மாறும் தமனிகளும்

தொடை இடுக்கு வழியாகச் செய்யும் ஆஞ்சியோகிராம் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி இரண்டு தரப்பிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. நெஞ்சுவலி நோயாளிகளின் வீட்டார் ஒரு தரப்பு. இடுப்புக்கூட்டுத் தமனிகளைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் இன்னொரு தரப்பு. இதயநோய்ப் பிரிவும் உடற்கூறியல் பிரிவும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

“அப்பாவுக்கு வயது 61. ராத்திரி படுத்திருக்கும்போதே நெஞ்சு அடைத்து வியர்த்துக் கொட்டியது. ஈ.சி.ஜி., ட்ரோபோனின் இரண்டும் நார்மல், அட்டாக் இல்லை என்கிறார்கள். ஆனால் ஐ.சி.யூ.விலிருந்து விட மறுக்கிறார்கள். அட்டாக் இல்லையென்றால் எதற்கு ஐ.சி.யூ.?”
— மகன், நாமக்கல்

அட்டாக் இன்னும் வரவில்லை என்பதுதான் காரணம். அப்பாவுக்கு இருப்பதை மருத்துவர்கள் ‘அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா’, அதாவது நிலையற்ற நெஞ்சுவலி என்பார்கள். மாடி ஏறினால் வலிக்கும், நின்றால் அடங்கும் என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருப்பது நிலையான ஆஞ்சைனா. மூன்று விதமான வலியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவை நிலையற்றவை: சும்மா இருக்கும்போது வந்து 20 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலி, புதிதாகத் தொடங்கிச் சிறு வேலைக்கே வந்துவிடும் வலி, முன்பே இருந்து நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி.

இதயத் தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கீறிக்கொள்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அந்தக் கீறலில் ஒட்டிக்கொண்டு ரத்தக்கட்டி ஒன்று வளர்கிறது. குழாய் முழுதாக அடைபடவில்லை, தசையும் சாகவில்லை. தசை செத்தால்தான் அதிலுள்ள ட்ரோபோனின் எனும் புரதம் ரத்தத்தில் கசியும். ஆகவே ட்ரோபோனின் நார்மல் என்றால் தசை இதுவரை தப்பித்திருக்கிறது என்று பொருள். கீறல் ஆறிவிட்டது என்று பொருள் இல்லை. அடுத்த சில நாட்கள்தான் ஆபத்து அதிகமான நாட்கள்.

ட்ரோபோனினை ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வரவும் கூடாது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் அது ஏறியிருக்காது. உயர் உணர்திறன் வகை என்றால் 1 முதல் 3 மணி நேரம் கழித்தும், பழைய வகை என்றால் 6 மணி நேரம் கழித்தும் மறுபடி எடுக்க வேண்டும். நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். அது நார்மலாக இருந்தும் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். நெஞ்சின் முன்பக்கம் எடுக்கும் வி1 முதல் வி4 வரையான பதிவுகளில் எஸ்.டி. எனும் கோட்டுப்பகுதி கீழிறங்கியிருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 மின்முனைகளை வைத்துப் பார்ப்பது அவசியம். இதயத்தின் பின்சுவரில் வரும் முழு மாரடைப்பு, முன்பக்க ஈ.சி.ஜி.யில் வெறும் ஆஞ்சைனா போலத்தான் தெரியும். தவறவிடப்படும் மாரடைப்புகளில் இது முக்கியமானது.

ஐ.சி.யூ.வில் அப்பாவுக்கு நடப்பது காத்திருப்பு மட்டுமல்ல. ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கக் கொடுத்திருப்பார்கள். மேலுறை பூசிய ஆஸ்பிரின் மெதுவாகக் கரையும் என்பதால் இந்த நேரத்துக்கு உதவாது. கூடவே, அதைப்போலத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் 300 அல்லது 600 மி.கி., இல்லையென்றால் டிகாக்ரெலார் 180 மி.கி. அத்துடன் கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாட்டின் 80 மி.கி. வலி நிற்கவில்லையென்றால் நைட்ரோகிளிசரின் சொட்டு மருந்து நிமிடத்துக்கு 5 அல்லது 10 மைக்ரோகிராமில் தொடங்கி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். நாடித்துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால் உண்டு. ஆனால் நுரையீரலில் நீர் கோத்திருந்தாலோ, அழுத்தம் இறங்கியிருந்தாலோ, இதய மின்கடத்தலில் தடை இருந்தாலோ அதைத் தொடக் கூடாது. ஆக்சிஜன் எல்லோருக்கும் தேவையில்லை. ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால்தான்.

தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் 14 மாத்திரைகளாகக் கிடைக்கிறது: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அடார்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. கிராமத்திலிருந்து மாவட்ட மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம் என்றால், முதலில் இதை வாங்கி விழுங்கவைத்துவிட்டுக் கிளம்புவதே சரி. பெரிய மருத்துவமனைக்குப் போனதும் “14 மாத்திரை கொடுத்தாயிற்று, இத்தனை மணிக்கு” என்று சொல்லிவிடுங்கள்.

“பக்கத்து பெட்காரருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு அரை மணியில் வலி போய்விட்டது. என் கணவருக்கு அதைக் கேட்டால் முடியாது என்கிறார்கள். விலை அதிகம் என்பதாலா?”
— வாசகி, திண்டுக்கல்

விலை காரணம் இல்லை, அம்மா. பக்கத்து பெட்காரருக்குத் தமனி முழுதாக அடைபட்டு ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. மேலெழுந்திருக்கும். அந்தக் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரின் எனும் புரத இழைகளின் வலையால் ஆனது. டெனெக்டிப்ளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற ஊசிகள் அந்த வலையைத்தான் அறுக்கும். உங்கள் கணவரின் தமனியில் இருப்பது பெரும்பாலும் தட்டணுக்கட்டி. ஊசிக்கு அது கரையாது. போதாக்குறைக்கு, ஃபைப்ரின் கரையும்போது வெளிவரும் த்ராம்பின் எனும் உறையவைக்கும் பொருள் தட்டணுக்களை இன்னும் தூண்டிவிடும்.

1994-ல் வெளியான டிமி 3பி ஆய்வு இதைத்தான் சோதித்தது. இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கரைப்பு மருந்து கொடுத்ததில் பலன் கிடைக்கவில்லை, மாரடைப்பு கூடியது, மூளை ரத்தக்கசிவும் நேர்ந்தது. அதனால் முடியாது என்று சொன்ன மருத்துவர் சரியாகத்தான் சொன்னார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “ஆஞ்சியோ எப்போது?” மருந்துக்கும் வலி நிற்காமலோ, அழுத்தம் சரிந்தோ, ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தோ இருந்தால் 2 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். வலி நின்றுவிட்டாலும் ஈ.சி.ஜி. மாறிக்கொண்டே இருந்தால் 24 மணி நேரத்துக்குள். அந்த வசதி இல்லாத மருத்துவமனை என்றால், இருக்கும் இடத்துக்கு 108-ல் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

“தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியால் வயிறு முழுக்கக் கருநீலமாகிவிட்டது. தொடரலாமா?”
— தென்காசி

தொடரலாம். அது ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்ஸாபரின். எடைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ எடைக்கு 60 மி.கி., அதாவது 0.6 மி.லி. சிறுநீரகம் பழுதுபட்டு, கழிவு நீக்கும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போயிருந்தால் நாளைக்கு ஒரே ஊசி. இந்தக் கணக்கைப் போடாமல் எல்லோருக்கும் இரண்டு வேளை போடுவதால்தான் வயதானவர்களுக்கு ரத்தக்கசிவு வருகிறது. சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

காசளவு கன்றிப்போவது சகஜம். பெரும்பாலும் ஊசி போட்ட முறையால் வருவது. தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, வலம் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். தோலை மடிப்பாகப் பிடித்து ஊசியை நேர்செங்குத்தாக முழுதும் இறக்கி, மருந்து தீரும்வரை மடிப்பை விடக் கூடாது. முழு சிரிஞ்சையும் போடுவதானால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழியை வெளியே தள்ள வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. வீட்டார் அன்பாகத் தேய்த்துவிடுவதுதான் பாதிக் கன்றலுக்குக் காரணம்.

மலம் கறுத்துப் போனாலோ, வயிற்றில் கல் போன்ற வீக்கம் பரவினாலோ, தாங்கமுடியாத தலைவலி வந்தாலோ உடனே சொல்லுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சிறிய மருத்துவமனையில் காலை 8 மணிக்கு இனாக்ஸாபரின் போட்டிருப்பார்கள். 11 மணிக்குப் பெரிய மருத்துவமனையில் அது தெரியாமல், அதே வேலையைச் செய்யும் சாதா ஹெப்பாரினைத் தொடங்குவார்கள். இரண்டும் சேர்ந்தால் கசிவு நிச்சயம் கூடும். இனாக்ஸாபரின் போட்டு 8 மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைப்பதானால், இரண்டு டோஸாவது ஏற்கெனவே போயிருக்கும் பட்சத்தில், கூடுதல் மருந்து தேவையில்லை. 8 முதல் 12 மணி நேரம் ஆகியிருந்தால் சிரையில் கிலோவுக்கு 0.3 மி.கி. போதும். ஆகவே ரெஃபரல் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி போட்ட மணி மூன்றும் எழுதியிருக்கிறதா என்று ஆம்புலன்ஸ் ஏறும் முன் பாருங்கள்.

“நெஞ்சுவலி வந்து இரண்டு நாளில் நின்றுவிட்டது. இப்போது ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ஓடலாமா?”
— வாசகர், கரூர்

வலி நின்ற பிறகு எடுத்த ஈ.சி.ஜி.யை இதயநோய் மருத்துவர் ஒருவர் பார்க்காமல் ஓடாதீர்கள். வி2, வி3 இரண்டிலும் டி அலை ஆழமாகத் தலைகீழாகியோ, பாதி மேலே பாதி கீழேயோ இருந்தால் அதற்கு ‘வெல்லென்ஸ் அடையாளம்’ என்று பெயர். நெதர்லாந்தின் ஹெய்ன் வெல்லென்ஸ் குழுவினர் 1982-ல் விவரித்தது. இதயத்தின் முன்சுவருக்குப் போகும் பெரிய தமனி அதன் தொடக்கத்திலேயே மிகவும் குறுகியிருப்பதை அது காட்டும். ஏமாற்றும் இடம் எதுவென்றால், வலி இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். மாற்றம் வலி நின்ற பிறகே தெரியும். அப்போது நோயாளி தெம்பாக நடமாடுவார், ட்ரோபோனினும் ஏறக்குறைய நார்மலாக இருக்கும். அவரை ட்ரெட்மில்லில் ஏற்றினால் மாரடைப்பு அங்கேயே வரலாம். இவருக்கு வேண்டியது நேராக ஆஞ்சியோ.

“நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வைத்ததும் மாமனார் மயங்கி விழுந்துவிட்டார். ஏன்?”
— மருமகள், சிவகங்கை

நின்றபடி வைத்திருப்பார். சார்பிட்ரேட் 5 மி.கி. ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். உட்காரவைத்தே கொடுக்க வேண்டும். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள், அடுத்த மாத்திரையை அதற்குப் பிறகு யோசிக்கலாம். கூச்சப்படாமல் அவரிடமோ மாமியாரிடமோ ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: ஆண்மைக்குறைவு மாத்திரை ஏதாவது எடுத்தாரா? சில்டனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள் சார்பிட்ரேட் கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

“கையில் செய்யாமல் தொடை இடுக்கில் ஆஞ்சியோ செய்தார்கள். ஐந்து மணி நேரம் கழித்து அம்மாவுக்கு இடுப்பு வலி, வியர்வை. காலில் வீக்கமே இல்லை. ‘படுத்தே கிடந்ததால் வலி’ என்றார் நர்ஸ். பிறகு ரத்தம் ஏற்றும்படி ஆகிவிட்டது. என்ன நடந்திருக்கும்?”
— மகள், கும்பகோணம்

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வயிற்றறைக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருக்கிறது.

தொடைத் தமனியைக் குத்த வேண்டிய இடம் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு துண்டு. மேலே இடுக்குத் தசைநார், கீழே தமனி இரண்டாகப் பிரியும் இடம். அந்தத் துண்டுக்குப் பின்னால் தொடையெலும்பின் தலை இருக்கிறது. குழாயை எடுத்த பிறகு தமனியை எலும்போடு வைத்து அழுத்தலாம். ஊசி தசைநாருக்கு மேலே போய்விட்டால் அது வெளி இலியாக் தமனி, அதாவது தொடைத் தமனியின் மேல்தொடர்ச்சி. பின்னால் எலும்பு இல்லை, விரலால் அழுத்தினாலும் பயனில்லை. ரத்தம் வெளியே வராமல் பின்வயிற்றில் சேரும். ஒரு லிட்டர் சேர்ந்தாலும் தோலில் வீக்கம் தெரியாது. இடுப்பிலோ விலாவுக்குக் கீழோ வலி, வியர்வை, வேகமான நாடி, இறங்கும் அழுத்தம் இவைதான் அடையாளம். குத்து கீழே இறங்கிவிட்டால் தமனி பிரிந்த பிறகு உள்ள சிறு கிளையில் படும். அப்போது துடிக்கும் பொய்க்கட்டியோ, தமனி சிரை இணைப்போ உண்டாகும்.

ஏன் தவறுகிறது? பலர் தோல் மடிப்பை அடையாளமாக வைத்துக் குத்துகிறார்கள். உடல் பருத்தவர்களுக்கு அந்த மடிப்பு தசைநாருக்கு வெகு கீழே தொங்கும். மெலிந்த பெண்களுக்கோ ஊசி எளிதில் மேலே போய்விடும். தமனி பிரியும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குத் தொடையெலும்புத் தலையின் மட்டத்திலேயே பிரிந்துவிடுகிறது. எக்ஸ்ரே திரையில் தொடையெலும்புத் தலையைப் பார்த்துக் குறி வைப்பதும், அல்ட்ராசவுண்டில் பிரியும் இடத்தைக் கண்ணால் கண்டு குத்துவதும்தான் தீர்வு. குழாய் வைத்ததும் கொஞ்சம் சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டும். முன்வயிற்றுச் சுவருக்குப் போகும் கீழ் எபிகாஸ்ட்ரிக் தமனி வளைந்து மேலேறும் அந்த வளைவின் அடிப்புள்ளிக்குக் கீழே குத்து இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். மேலே இருந்தால் ஹெப்பாரினைக் கூட்டும் முன்பே எச்சரிக்கையாகிவிடலாம்.

மணிக்கட்டு வழி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. 2015-ல் வெளிவந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கை வழியில் பெரிய ரத்தக்கசிவும் இறப்பும் குறைவாக இருந்தன. தொடை வழி தவிர்க்கமுடியாதபோது, 6 பிரெஞ்ச் அளவுள்ள குழாயை எடுத்தபின் 15 முதல் 20 நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் இடுப்பு வலி என்று நோயாளி சொன்னால், முதலில் அழுத்தமும் நாடியும் பார்த்து, ஹீமோகுளோபின் அனுப்பி, சந்தேகம் இருந்தால் சி.டி. எடுக்க வேண்டும். படுக்கைக் கோளாறு என்று முடிவு கட்டுவது அதற்கெல்லாம் பிறகு.

“உள் இலியாக் தமனியைப் பிரித்துப் பார்க்கும்போது புத்தகப் படம்போல ஒன்றுமே இல்லை. எங்கள் உடற்கூறு மேசையில் அப்டுரேட்டர் தமனியே உள்ளிருந்து வரவில்லை. எதை வைத்துப் பெயர் சொல்வது?”
— முதலாண்டு மருத்துவ மாணவர், மதுரை

கிளம்புகிற இடத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள், போய்ச்சேரும் இடத்தை வைத்துச் சொல்லுங்கள். இடுப்புக்கூட்டு உறுப்புகளுக்கு ரத்தம் தரும் இந்த உள் இலியாக் தமனியைப் பொறுத்தவரை புத்தகப் படம் ஒரு சராசரிதான். ஒரே உடலில் வலப்பக்கமும் இடப்பக்கமும் வேறுபடுவது சாதாரணம்.

முதலில் புட்டத்தின் ஆழத்தில் உள்ள பைரிஃபார்மிஸ் தசையைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே வெளியேறுவது மேல் குளூட்டியல், அதாவது மேல் புட்டத் தமனி. கீழே வெளியேறுபவை இரண்டு: கீழ் குளூட்டியலும், பிறப்புறுப்புப் பகுதிக்குப் போகும் உள் புடெண்டலும். அந்த இரண்டில் இடுப்பெலும்பின் பின்பக்க நீட்சியான இஸ்கியல் முள்ளைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைவது புடெண்டல். பக்கச்சுவரை ஒட்டி, அப்டுரேட்டர் நரம்போடு சேர்ந்து அப்டுரேட்டர் கால்வாய்க்குள் போவது அப்டுரேட்டர் தமனி. கருப்பைத் தமனி, கருப்பை வாய்க்கு 2 செ.மீ. பக்கத்தில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயின் மேலாகக் கடக்கும். இதெல்லாம் உறுதியான பிறகு பின்னோக்கித் தொடர்ந்து போய், எது எதோடு சேர்ந்து கிளம்புகிறது என்று குறியுங்கள். ஜப்பானிய உடற்கூறியலர் புன்தாரோ அடாச்சி 1928-ல் செய்த வகைப்பாடு, இரண்டு குளூட்டியலும் புடெண்டலும் எப்படிப் பிரிகின்றன என்பதை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. மேல் குளூட்டியல் தனியாகவும் மற்ற இரண்டும் ஒரே தண்டாகவும் வருவதுதான் அவருடைய முதல் வகை. அதிகம் காணப்படுவதும் அதுவே.

உங்கள் மேசையில் இருந்த அப்டுரேட்டர் பெரும்பாலும் கீழ் எபிகாஸ்ட்ரிக்கிலிருந்து வந்திருக்கும். வலம், இடம் என்று தனித்தனியாக எண்ணினால் சுமார் நான்கைந்து இடுப்புப் பக்கங்களுக்கு ஒன்றில் அப்படி இருக்கிறது. கருவில் இந்தப் பகுதி முழுதும் வலைபோன்ற நுண்குழாய்கள்தாம். எந்த இழையில் ரத்தம் அதிகம் ஓடுகிறதோ அது தமனியாக நிலைக்கும், மற்றவை சுருங்கும். அப்டுரேட்டருக்கும் கீழ் எபிகாஸ்ட்ரிக்குக்கும் இடையே, இடுப்பெலும்பின் முன்பகுதியான பூப்பெலும்பின் பின்னால் மெல்லிய இணைப்பு பொதுவாக உண்டு. வழக்கமான தண்டு சுருங்கியவர்களிடம் இந்த இணைப்பு பருத்து முக்கிய வழியாகிவிடுகிறது.

பருத்த அந்த இணைப்புக்குத்தான் ‘கொரோனா மார்ட்டிஸ்’, அதாவது மரண கிரீடம் என்று பெயர். பூப்பெலும்பின் மேல்கிளைமீது, நடு இணைப்பிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே போகும். ஹெர்னியாவுக்கு வலை வைத்து பூப்பெலும்பை ஒட்டிய கூப்பர் தசைநாரில் அதைப் பொருத்தும் ஆணி அடிக்கும்போதோ, இடுப்பெலும்பு முறிவுக்குத் தகடு பொருத்தும்போதோ அறுபட்டால், வெட்டுமுனை அப்டுரேட்டர் கால்வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு பிடிப்பது பெரும்பாடு. அதனால் அந்த இடத்தைத் திறந்ததும் முதலில் தேடு, கட்டு, பிறகு வேலை செய் என்பது முறை. தமனியைவிடச் சிரை இணைப்புகள் இன்னும் அதிகம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கியவருக்கு உள் இலியாக் கிளைகளை அடைத்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால், ஊட்டம் வெளி இலியாக்கிலிருந்து இந்த வழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே சாயம் செலுத்தாமல், ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபிலிருந்து திரும்புவது பெரிய தவறு.

“பிரசவத்தில் ரத்தம் நிற்காததால் அக்காவுக்கு இடுப்பில் பெரிய ரத்தக்குழாயையே கட்டிவிட்டார்களாம். கருப்பை செத்துவிடாதா? இனி குழந்தை பிறக்குமா?”
— தங்கை, விழுப்புரம்

கருப்பை சாகாது. இரண்டு பக்கமும் உள் இலியாக்கைக் கட்டினாலும் முதுகுப்பக்க லம்பார் தமனி, நடு சேக்ரல், மேல் மலக்குடல் தமனி ஆகியவற்றிலிருந்து பக்கவழியாக ரத்தம் வந்து சேரும். கட்டுவதால் குறைவது முக்கியமாகத் துடிப்பழுத்தம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் எழும் அழுத்தம். 1968-ல் மருத்துவர் பர்ச்செல் அளந்தபோது துடிப்பழுத்தம் 85 சதவீதம் இறங்கியது, ரத்த ஓட்டமோ 48 சதவீதம்தான் குறைந்தது. தமனிபோல் பீய்ச்சுவது சிரைபோல் கசிவதாக மாறியதும் உடலே உறையவைத்துக்கொள்கிறது. மாதவிடாய் திரும்பும். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கருத்தரித்துப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அடுத்த பிரசவம் ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் நடக்க வேண்டும், அவ்வளவே.

இதைக் கற்கும் மருத்துவர்களுக்கு இரண்டு வரி. பொது இலியாக் பிரியும் இடத்தில் சிறுநீர்க்குழாய் முன்னால் கடக்கும், அதை முதலில் உள்பக்கம் ஒதுக்குங்கள். பிரிவிலிருந்து 2.5 முதல் 5 செ.மீ. கீழே கட்டினால் புட்டத்துக்கு ரத்தம் தரும் பின்தண்டு தப்பும், புட்டத்துத் தோலும் தசையும் காயாது. வளைந்த கிளாம்பை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிச் செலுத்தினால் வெளி இலியாக் சிரை கிழியாது. நூலைச் சுற்றியதும் முடிச்சிடும் முன் ஒருவர் தொடை இடுக்கில் நாடி பார்க்க வேண்டும். பிரியும் இடம் சிலருக்கு மேலே, சிலருக்குக் கீழே இருப்பதால், பரபரப்பில் வெளி இலியாக்கைக் கட்டிவிட்டுக் காலை இழக்கவைத்த நிகழ்வுகள் உண்டு. நூலை இழுத்துப் பிடிக்கும்போது நாடி நின்றால், அவிழ்த்துவிட்டு மறுபடி தேடுங்கள். கட்ட மட்டும் செய்யுங்கள், வெட்டாதீர்கள்.

“தொடை இடுக்கில் நாடியே இல்லை, முழங்காலுக்குப் பின்னால் நன்றாகத் துடிக்கிறது. இது சாத்தியமா?”
— பிசியோதெரபி மாணவி, கோவை

சாத்தியம், ஆனால் மிக அபூர்வம். கருவில் காலுக்கு ரத்தம் தருவது உள் இலியாக்கிலிருந்து புட்டம் வழியே இறங்கும் சயாட்டிக் தமனி. தொடைத் தமனி வளர்ந்ததும் அது சுருங்கிவிடும். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு அது அப்படியே தங்கி, தொடைத் தமனி சிறுத்துப்போகும். அந்தத் தமனி புட்டத்தில் உட்காரும் இடத்திலேயே ஓடுவதால் நாளடைவில் பலூன்போல வீங்கும். உள்ளே ரத்தக்கட்டி சேர்ந்து பாதத்துக்கு இறங்கி விரல்களை அடைக்கும். சயாட்டிக் நரம்பையும் அழுத்துவதால் டிஸ்க் வலி என்று நினைத்துவிடுவார்கள். புட்டத்தில் துடிக்கும் கட்டி தெரிந்தால் பிடித்துவிடவும் வேண்டாம், ஊசி குத்திப் பார்க்கவும் வேண்டாம். சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்புங்கள்.